படகிலிருந்து இறங்கிப் போனவரை அழைப்பது பற்றி

லிங்கம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தப்பால்காரர் அதைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வைத்துக் கொடுத்தார். கை ஈரமாக இருந்ததால் மடியில் செருகிக்கொண்டேன். நிறுவை முடிந்து வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைத்து, ரொட்டி தட்டிச் சாப்பிட்ட பிறகுதான் பிரித்துப் படித்தேன். கல்யாண மாப்பிள்ளையின் கடிதத்தை இப்படி ஆறப்போட்டுப் படிக்கிறாளே என்று நினைக்காதே. எனக்கு எதற்கும் அவசரம் வருவதில்லை, அது உனக்குத் தெரிந்ததுதான். மறுநாளும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய் வந்து இன்னொரு தரம் படித்தேன். அதில் இருந்தது மாறவில்லை. நீ சிலாபம் போயிருக்கிறாய். கால்வாய்க் கரையில் விசாரித்து விசாரித்து உன் அப்பாவைக் கண்டுபிடித்திருக்கிறாய். தை மாதம் உன் கல்யாணத்துக்கு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். அதற்கு அவர், "உங்கம்மா கூப்பிட்டா வர்றேன்" என்றிருக்கிறார். ஆகவே நான் இரண்டு வரி எழுதி அனுப்பவேண்டும், நீ அதைக் கொண்டுபோய்க் காட்டி அவரை அழைத்து வருவாய். இவ்வளவுதான் நீ கேட்டது. எனக்கு இரண்டு வரியில் எழுத வரவில்லை. உட்கார்ந்து வாசி.

உனக்கு ஏன் அவர் வேண்டும் என்று எனக்குப் புரிகிறது. தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளை தன் அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, கால் கழுவி, பொட்டு வைத்துக் கும்பிடவேண்டும். நம் லயத்து வீடுகளில் ஒற்றையாக யாரையும் உட்காரவைப்பதில்லை. அவர் வராவிட்டால் நானும் உட்காரமுடியாது. பெரியம்மாவும் பெரியப்பாவும் உட்காருவார்கள், நீ அவர்கள் காலைக் கழுவுவாய், நான் சமையல் பக்கம் நின்று சோற்றைப் பார்த்துக்கொள்வேன். "உங்க காலைக் கழுவாம நான் எப்படித் தாலி கட்டுறது?" என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் மட்டும் உன் எழுத்து கோணியிருந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அவர் தனியாகத்தான் இருக்கிறார் என்றும் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். அதைப் படித்து நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாயோ என்னவோ. அதுவும் வரவில்லை.

அந்தப் படகைப் பற்றி உனக்குப் பெரியம்மா சொன்னது பாதி, நீயாகக் கட்டிக்கொண்டது மீதி. நடந்ததை நான் சொல்கிறேன். அப்போது நம் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெரிய துரைக்குப் படகுப் பைத்தியம். தன் நாட்டில் கடலோரத்தில் வளர்ந்தவராம். நீர்கொழும்பில் பழைய சரக்குப் படகு ஒன்று விற்பனைக்குக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு வாங்கிப்போட்டார். தட்டையான அடிப்பாகம், மேலே கிடுகுக் கூரை, லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவைத் தூக்கித் தண்ணீரில் வைத்த மாதிரி இருக்கும். அதில் ஒரு பாய்மரம் நட்டு, காவி நிறப் பாய் கட்டினார். வருஷா வருஷம் கொழுந்து குறையும் மாதத்தில் துரையும் துரைசாணியும் அதில் ஏறி, அந்தக் காலத்தில் ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் வழியாக நீர்கொழும்பிலிருந்து சிலாபம், முந்தல் களப்பு, புத்தளம் என்று போய்த் திரும்புவார்கள். சரக்கு ஏற்றி இறக்க இல்லை, சும்மா பார்ப்பதற்கு. இடிந்த கோட்டை, பழைய பாலம், மாதா கோயில் எல்லாவற்றையும் நின்று நின்று பார்ப்பார்கள். படகை ஓட்ட அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார், அந்தோனி அண்ணன். கூடக் கழி போட, பங்களாத் தோட்டத்தில் பூச்செடி பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பாவைத் துரை கூட்டிப்போனார். சமையலுக்குப் பங்களாச் சமையல்காரரைக் கேட்டார்கள். தண்ணீர் மேல் அடுப்பு வைக்கமாட்டேன் என்று அவர் கையை விரித்துவிட்டார். அதனால்தான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நான் போனேன். உன்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போனோம். நீ அழவேயில்லை, பெரியம்மா வீட்டில் அப்போது கோழிக்குஞ்சு பொரித்திருந்தது.

முதல் நாள் நடந்ததைக் கேள். விடியும் முன்னே நானும் உன் அப்பாவும் எழுந்து, முகம் கழுவி, கரையில் இறங்கி நின்றோம். இருப்பதே இரண்டு பேர், அதிலும் ஆண் வரிசை ஒன்று, பெண் வரிசை ஒன்று. அந்தோனி அண்ணன் படகுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, யாருக்காகக் காத்திருக்கிறீங்க?" என்றார். "பெரட்டுக்குங்க" என்று உன் அப்பா சொன்னார். ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பதற்குத்தான் நாங்கள் நிற்கிறோம் என்று புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "இங்க ஏது பெரட்டு? போய்த் தேத்தண்ணி ஊத்து தங்கச்சி, அதுதான் முதல் வேலை" என்றார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் மறுநாளும் போய் நின்றோம். அதற்கு மறுநாளும் நின்றோம். கால் பழகினது அப்படி, தானாகப் போய் நிற்கிறது, நாம் என்ன செய்ய? பிறகு ஒரு காலை நான் போய் நிற்கிறேன், பக்கத்தில் ஆளைக் காணோம். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா படகின் முன்பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி சீட்டியடித்துக்கொண்டிருக்கிறார். "அங்க என்னத்துக்கு நிக்கிற, வா இங்க" என்றார். நான் உடனே போகவில்லை. அவர் விட்ட பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் விட ரொம்ப நாள் ஆனது.

வேலை சுலபம் என்று நினைக்காதே. கால்வாய் ஒடுங்கின இடத்தில் பாய் உதவாது. படகின் இரண்டு விளிம்பிலும் பலகை உண்டு. உன் அப்பா ஒரு பக்கமும் அந்தோனி அண்ணன் மறுபக்கமும் நீளக் கழியைத் தண்ணீரில் ஊன்றி, அதன் தலையைத் தோளில் கொடுத்து, முன்னாலிருந்து பின்னால்வரை தள்ளிக்கொண்டே நடப்பார்கள். பிறகு கழியைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப முன்னால் போவார்கள். காலையிலிருந்து மத்தியானம்வரை இதே நடைதான். உன் அப்பாவின் தோள் முதல் வாரம் தோலுரிந்து போயிற்று, நான் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். சேறு அதிகமான இடத்தில் கரையில் இறங்கிக் கயிற்றைக் கட்டி இழுக்கவேண்டும். கயிறு திரிக்கும் தும்புக்காகத் தேங்காய் மட்டை ஊறப்போட்ட இடங்களைக் கடக்கும்போது வரும் நாற்றத்துக்கு மூக்கைப் பிடிக்கக் கை போதாது. வெயிலோ சொல்லவேண்டாம். மலையில் பிறந்த எனக்கு முதல் இரண்டு நாள் மேலெல்லாம் கொப்புளம். களப்பின் அகன்ற தண்ணீருக்குள் நுழைந்தபிறகுதான் பாய் விரிப்பார்கள். காற்று எதிர்த்தாற்போல் வந்தால் படகு நேரே போகாது, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகச் சாய்ந்து சாய்ந்து போகவேண்டும். நம் மலையில் கொழுந்துக் கூடையோடு நேராக யார் ஏறுகிறார்கள், வளைந்து வளைந்துதானே ஏறுகிறோம்? அதனால் எனக்கு அது உடனே பிடிபட்டது. அந்தோனி அண்ணன் சோறு தின்னும் நேரத்தில் சுக்கானை என் கையில் கொடுத்துவிடுவார். துரைசாணி அதைப் பார்த்துக் கை தட்டுவாள். அந்தச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்திருக்கிறேன், லிங்கம். நீ என்னைச் சிரித்துப் பார்த்ததில்லை என்று பெரியம்மாவிடம் சொன்னாயாம், அதற்காகச் சொல்கிறேன்.

துரை வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வருவார். ஒல்லாந்தர் கறுவாப்பட்டை ஏற்றிப்போன கால்வாய் இது, இத்தனை தூரம் ஒல்லாந்தர் வெட்டினார்கள் என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்வார். ஒரு நாள் உன் அப்பா கழியை ஊன்றியபடி, "ஏன் தொர, அந்த ஒல்லாந்தக்காரங்க மம்பட்டி நல்லாப் புடிப்பாங்களோ?" என்று கேட்டுவிட்டார். தோட்டத்தில் துரையிடம் அப்படி ஒரு வார்த்தை பேசினால் மறுநாள் நாங்கள் லயத்தில் இருக்கமுடியாது. துரை கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அன்று சாயங்காலம் உன் அப்பாவுக்கு ஒரு சுருட்டுக் கொடுத்தார். அவர் அதைத் துரைக்கு முன்னாலேயே உட்கார்ந்து குடித்தார். குந்தி அல்ல, நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்து. அந்த மனுஷனை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவரோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் செய்தேனா என்று எனக்குத் தோன்றியது.

படகில் இருக்கும்வரை அவர் ஒரு ஆள், தோட்டத்துக்குத் திரும்பினால் வேறு ஆள். ரயில் நாவலப்பிட்டி தாண்டி மலையேறத் தொடங்கும்போதே அவருக்குப் பேச்சு குறைந்துவிடும். அட்டனில் இறங்கும்போது தோள் குனிந்திருக்கும். கங்காணி கூப்பிட்டால் தலையில் கட்டியிருக்கும் துண்டு தானாகக் கைக்கு வந்துவிடும். அதெல்லாம் நம்மை இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சட்டம் போட்டுவிட்ட சமயம். டவுனில் ஒரு கடை வாசலில் நின்றாலும், நீ எந்த நாடு, எப்போது இந்தியாவுக்குப் போகப்போகிறாய் என்று கேட்பார்கள். கால்வாய்க் கரையில் அப்படி ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் மொள்ள வரும் பெண்கள், "எங்கேருந்து வாறீங்க?" என்பார்கள். உன் அப்பா, "படகுலேருந்து" என்பார். அவர்களும் சரி என்று போய்விடுவார்கள். அந்த ஒரு பதிலைச் சொல்வதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் கடைசிப் பயணம். துரை வேலையை விட்டு ஒரேயடியாகத் தன் நாட்டுக்குப் போகிறார் என்றாகிவிட்டது. படகை அந்தோனி அண்ணனுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். புத்தளம் போய்த் திரும்பி வரும் வழியில் சிலாபத்துக்குக் கிட்ட ஒரு தென்னந்தோப்புக் கரையில் படகைக் கட்டியிருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் கரையில் குந்திச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா பின்னால் வந்து நின்றார். "இங்கயே இருந்துட்டா என்ன?" என்றார். தோப்புக்காரருக்கு மட்டை ஏற்றப் படகு ஓட்டும் ஆள் வேண்டுமாம், ஒரு குடிசையும் இருக்கிறதாம், அந்தோனி சொன்னாராம். நான் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புள்ள?" என்றேன். "கொண்டாந்துக்கலாம்" என்றார். "அக்கா? காம்பரா? தோட்டத்துல பேரை வெட்டிட்டா பொறகு திரும்பிப் போகக்கூட இடம் இருக்காது" என்றேன். அவர் கழியை எடுத்துக்கொண்டு படகுப் பக்கம் போய்விட்டார். பேச்சு முடிந்தது என்று நான் நினைத்தேன். மனுஷனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது, மலைக்குப் போனால் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை நல்ல காற்று. துரை பாயை விரிக்கச் சொன்னார். கட்டை அவிழ்ப்பது எப்போதும் உன் அப்பாவின் வேலை. கரையில் இறங்கி, மரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அதைச் சுருட்டிப் படகுக்குள் எறிந்துவிட்டு, படகை ஒரு தள்ளுத் தள்ளி, அதோடு தானும் தாவி ஏறிக்கொள்வார். அன்றும் அவிழ்த்தார். சுருட்டினார். எறிந்தார். தள்ளினார். ஏறவில்லை. பாயில் காற்றுப் பிடித்துக்கொண்டது, படகு கரையை விட்டு விலகியது. விளையாடுகிறார் என்று நான் நினைத்தேன். அப்போதுதான் மரத்தடியில் அவருடைய மூட்டை இருப்பதைப் பார்த்தேன். அவர் குனிந்து அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். துரை ஏதோ சத்தம் போட்டார். அந்தோனி அண்ணன் சுக்கானைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார், அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. உன் அப்பா தோப்புக்குள் நடக்கத் தொடங்கினார்.

நான் பின்பக்கத்துக்கு ஓடினேன். "இந்தாங்க" என்று கூப்பிட்டேன். "லிங்கத்தப்பா" என்று கூப்பிட்டேன். அவர் நடந்துகொண்டே இருந்தார். அதன்பிறகு அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நன்றாகக் கேட்டுக்கொள், லிங்கம். உன் அப்பாவின் பேரை, முழுப் பேரை, துரை, துரைசாணி, வேற்று ஆண்பிள்ளை எல்லாரும் நிற்கும் இடத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்களை வளர்த்தார்கள். உன்னை எஸ்டேட் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் அப்பா பேர் கேட்டதற்குக்கூட நான் வாயைத் திறக்காமல் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொன்னவள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என் வாயில் வராத பேர் அது. அதை இரண்டு தரம் கூப்பிட்டேன். அவர் நின்றார். மூட்டையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினார். பிறகு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. துரை என்னிடம், "படகு திருப்பவா?" என்று கேட்டார். நான், "வேணாங்க தொர" என்றேன். இதற்கு மேல் எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

துரைசாணி தன்னுடைய கோப்பையிலேயே தேத்தண்ணீர் ஊற்றி என் கையில் கொடுத்தாள். வேறொரு நாளாக இருந்தால் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன். வாங்கிக் குடித்தேன். சூடு தெரியவில்லை, இனிப்பும் தெரியவில்லை. மார்கழிக் காலையில் மலையில் நிற்கும்போது விரல் மரத்துப்போய், கொழுந்தைக் கிள்ளுகிறோமா சும்மா காற்றைக் கிள்ளுகிறோமா என்று தெரியாமல் போகுமே, எனக்கு உள்ளுக்குள் அப்படி ஆயிற்று. விரலுக்கு வெயில் ஏறினால் சரியாகிவிடும். எனக்கு அது சரியாகவில்லை. அன்று மத்தியானம் நான் மீன் குழம்பு வைத்தேன், உப்பெல்லாம் சரியாக இருந்தது. அவருடைய கழியை எடுத்து அந்தப் பக்கப் பலகையில் நானே நடந்தேன். நீர்கொழும்புவரை அப்படித்தான் வந்தோம்.

லயத்தில் கேட்டவர்களிடம், அவருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது, பிறகு வருவார் என்று சொன்னேன். நீ கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். கணக்கப்பிள்ளை வேலைப் பதிவிலிருந்து அவர் பேரை வெட்டினார், என் பேர் இருந்ததால் காம்பரா தப்பியது. கல்யாண வீடுகளில் மஞ்சள் இடிக்கப் புருஷன் உள்ள பெண்களைத்தானே கூப்பிடுவார்கள்? என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அவர்களுக்குள் ஒரு குசுகுசுப்பு நடக்கும். அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நானே தேங்காய் திருவ உட்கார்ந்துவிடுவேன். ஒரு தரம் அந்தோனி அண்ணன் ஒரு பெட்டி நிறையக் கருவாட்டோடு வந்தார், உனக்கு நினைவிருக்கும். பழைய துரை அனுப்பிய ஆள் என்று உன்னிடம் சொன்னேன். அந்தக் கருவாடு உன் அப்பா அனுப்பியது. "அவன் சுகமாத்தான் இருக்கான் தங்கச்சி. நீ ஒரு வார்த்த சொல்லிவிட்டா..." என்று அவர் இழுத்தார். நான் அவருக்குச் சோறு போட்டேன். வார்த்தை எதுவும் சொல்லிவிடவில்லை. கருவாட்டை நீ ஆசையாகத் தின்றாய், நானும் தின்றேன்.

நீ மீசை அரும்பும் வயதில் ஒரு நாள் என் முகத்துக்கு நேரே, "அவரா போகல, நீங்கதான் போக விட்டீங்க. ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா வந்திருப்பாரு" என்றாய். "உங்களுக்குக் கல்லு மனசும்மா" என்றும் சொன்னாய். நான் விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டு உன்னைச் சாப்பிடச் சொன்னேன். அப்போது சொல்லியிருக்கலாம். புருஷனைப் பேர் சொல்லிக் கத்தினேன், அவர் திரும்பவில்லை என்று பெற்ற பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? நீ என்னைக் கல் என்று நினைப்பது அதைவிட எனக்குச் சௌகரியமாக இருந்தது. இப்போதும் நீ அதே வார்த்தையைக் கொண்டுவந்திருப்பதால்தான் எழுதுகிறேன். அவரும் அதையே சொல்கிறார், கூப்பிட்டால் வருகிறேன் என்று.

நாளைக்கு நீயும் ஒரு வீட்டுக்காரன் ஆகப்போகிறாய். டயகமவிலிருந்து வரப்போகிற அந்தப் பெண்ணை நான் பார்த்தேன், வாயுள்ள பெண்ணாகத் தெரிகிறாள், எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். லயத்தில் வாயில் கைவைப்பார்கள், வைத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். தினமும் புழங்குகிற பேராக இருந்தால் அவசரத்துக்குக் கூப்பிடும்போது அவளுக்குத் தொண்டை அடைக்காது. உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் அவள் சட்டி தேய்க்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று கேட்காதே. முன்னால் உட்கார்ந்து கேள். அவள் வேண்டாம் என்றால் இன்னொரு நாள் இன்னொரு தரம் கேள். உன் அப்பா அன்று இரண்டாம் தரம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். சுக்கான் பிடித்த நாளை நினைத்தால் அது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. கொழும்பில் கடையில் நிற்கிறாய், முதலாளி முன்னால் குனிந்து நிற்கவேண்டியிருக்கும். அதை அவளிடம் மறைக்காதே. குனிகிறவனைப் பெண்சாதி பார்க்கத்தான் பார்க்கிறாள், நான் பார்த்தேன். எனக்கு வேலைக்குப் போகிறவர் வேண்டியிருந்தது, அவர் நிமிர்ந்திருக்கிறாரா குனிந்திருக்கிறாரா என்பது எனக்கு அப்புறமாகத்தான் தெரிந்தது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நான் கூப்பிடமாட்டேன். இது வீம்பு இல்லை. வீம்புக்குக்கூட உள்ளே கொஞ்சம் சூடு வேண்டும். என்னிடம் இருந்த ஒரே கூப்பாட்டை அன்றைக்கே கூப்பிட்டாயிற்று, அதற்கு அவர்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ மறுபடி சிலாபத்துக்குப் போ. இந்தக் கடிதத்தைக் காட்டாதே, இதில் உள்ளதைச் சொல்லவும் சொல்லாதே. அவரை உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேள். "நீங்க எறங்கிப் போன அன்னிக்கு அம்மா உங்களக் கூப்பிட்டாங்களா?" என்று கேள். அவராகச் சொல்லட்டும், நீ எடுத்துக்கொடுக்காதே. இல்லை, கூப்பிடவில்லை என்றாலும், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை என்றாலும், கும்பிட்டுவிட்டு அவரை அங்கேயே விட்டுவிட்டு வா. பெரியம்மா காலைக் கழுவித் தாலி கட்டு, நான் சோற்றுப் பக்கம் நின்று பார்த்துக்கொள்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கேட்டது என்று சொன்னால் மேலே ஒரு வார்த்தை கேட்காதே. ஏன் திரும்பவில்லை என்று கேட்காதே. கையோடு கூட்டிக்கொண்டு வா, நான் பக்கத்தில் உட்காருகிறேன். தை மாதக் குளிர் அவருக்கு மறந்துபோயிருக்கும். போகும்போது ஒரு கம்பளி எடுத்துக்கொண்டு போ.

அம்மா